வாங்கியது ஐம்பது, படித்தது இருபத்தெட்டு!

ஜனவரி மாதத்தில் பல வீடுகளின் வாசலில் இந்தப் பேச்சு கேட்கும். புத்தகக் கண்காட்சிக்குப் போனவர் இரண்டு கையிலும் கனத்த பையோடு வந்து நிற்பார். கதவைத் திறந்தவர் பையைப் பார்ப்பார், அப்புறம் அலமாரியைப் பார்ப்பார். "போன வருஷம் வாங்கினதே அப்படியே இருக்கு. இதை எங்கேங்க வைக்கப்போறீங்க?" பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "பத்து பர்சென்ட் தள்ளுபடிம்மா!"

500 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் 50 ரூபாய் மிச்சம். படிக்காமல் வைத்துவிட்டால் 450 ரூபாய் செலவு. இந்தக் கணக்கு தெரியாமல் யாரும் வாங்குவதில்லை. தெரிந்தேதான் வாங்குகிறார்கள், ஏனென்றால் கையில் புத்தகத்தை எடுக்கும்போது அதைப் படிக்கப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்த மத்தியானம்தான் வருவதே இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'சுண்டோகு'. வாங்கிய புத்தகத்தைப் படிக்காமல் அடுக்கிவைப்பது என்று பொருள். அடுக்குவது, படிப்பது என்ற இரண்டு சொற்களைக் கோத்துச் செய்த வேடிக்கையான வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்திலேயே இது புழக்கத்தில் இருந்திருக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ ஈகோவின் வீட்டில் 30,000 புத்தகங்கள் இருந்தன என்பார்கள். அவரை உதாரணமாக வைத்து, படித்த புத்தகங்களைவிடப் படிக்காத புத்தகங்களே ஒரு மனிதனுக்கு அதிகம் உதவும் என்று நசீம் நிக்கோலஸ் தாலிப் 2007-இல் வெளிவந்த தன் நூலில் வாதாடினார். தனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பதை அவை நினைவுபடுத்திக்கொண்டே இருக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈகோவுக்கு மிலான் நகரில் பெரிய வீடு இருந்தது. இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில், பிள்ளையின் படிப்பு மேசைக்கே இடம் தேடும் குடும்பத்துக்கு இந்தத் தத்துவம் எத்தனை அடி அலமாரி தரும்?

அடியிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் தினம் 20 பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்வருபவருக்கு இதுவே நல்ல அளவு. 260 பக்க நாவல் ஒன்றை முடிக்க 13 நாள். வருடத்துக்கு 28 புத்தகம். அதே வருடத்தில் கண்காட்சியில் 25, பழைய புத்தகக் கடையில் 15, இணையத்தில் ஆர்டர் செய்ததும் நண்பர்கள் கொடுத்ததுமாக 10 என்று 50 புத்தகம் உள்ளே வருகிறது. மிச்சம் 22. பத்து வருடத்தில் 220. மூன்றடி நீளத் தட்டு ஒன்றில் ஏறத்தாழ 40 புத்தகம் நிற்கும். ஆக, படிக்காத புத்தகத்துக்கு மட்டும் ஐந்தரைத் தட்டு, அதாவது முழுசாக ஓர் அலமாரி. 300 பக்கப் புத்தகம் ஒன்று சுமார் 350 கிராம் வரும். ஒரு தட்டில் 14 கிலோ. மரத்தூள் பலகையில் செய்த மலிவு அலமாரிகள் நடுவில் வளைந்து தொங்குவது இதனால்தான்.

கணக்கு புரிந்தால் தீர்வும் அதிலேயே இருக்கிறது. படிக்கும் வேகத்தைக் கூட்டலாம், அல்லது வாங்குவதைக் குறைக்கலாம், அல்லது வெளியே அனுப்பலாம். முதலாவது பெரும்பாலும் நடக்காது. அடுத்த இரண்டைத்தான் பேச வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. படிக்காதவற்றைப் படித்தவற்றோடு கலந்து வைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். முழு அலமாரியையும் ஒரே நாளில் கீழே இறக்கி, படிக்காததை மட்டும் தனியாக, உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் அடுக்கினால் போதும். நூறு என்று நினைத்திருந்தவர் முந்நூறைப் பார்த்துத் திகைப்பார். சிலருக்கு ஒரே நாவல் இரண்டு பிரதி கிடைக்கும். இந்த வேலைக்குச் சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம் பொருத்தமானது. எப்படியும் தூசி தட்டப்போகிறோம். பூஜை நாளன்று புத்தகத்தைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வருடத்தில் மற்ற 364 நாளும் அதே விரதத்தைக் கடைப்பிடிக்கும் வீடுகள் உண்டு என்பது வேறு விஷயம்.

தனியாக அடுக்கிய பிறகு, அவை எல்லாம் ஒரே வகை இல்லை என்பது தெரியும். காலாவதி ஆகும் புத்தகங்கள்தான் முதலில் போக வேண்டியவை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கையேடு, நீட் வினா வங்கி, பழைய பாடத்திட்டத்தின் நோட்ஸ் இவையெல்லாம் பாடத்திட்டம் மாறியதும் வெறும் காகிதம். இன்னும் செல்லுபடியாகிறவற்றை உடனே கொடுத்துவிட வேண்டும். அடுத்த தெருவில் ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கடன் வாங்கித் தேடிக்கொண்டிருக்கலாம்.

குழந்தைகள் புத்தகமும் அப்படித்தான். ஆறு வயதுக்கு என்று வாங்கிய படக்கதைப் புத்தகத்தைப் பத்து வயதில் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. பெரியவர்களுக்கான நாவல் இருபது வருடம் காத்திருக்கும், படக்கதை இரண்டே வருடம்தான். "ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று பரணில் ஏற்றும் அம்மாக்கள் அதிகம். பிள்ளைக்கு மிகவும் பிடித்த மூன்று நான்கை வைத்துக்கொண்டு மற்றதை அங்கன்வாடிக்கோ, பக்கத்து அரசுப் பள்ளிக்கோ கொடுத்தால் இன்னொரு ஆறு வயதுக்கு அது புதுப் புத்தகம்.

அடுத்தது சங்கடமான வகை: கையெழுத்திட்ட பிரதிகள். கல்யாணத்தில், வெளியீட்டு விழாவில், அலுவலக நண்பரின் முதல் கவிதைத் தொகுப்பு என்று வந்து சேர்ந்தவை. 'அன்புடன்' என்று பெயர் எழுதிக் கொடுத்ததைத் தூக்கிப் போடவும் மனசு வராது, படிக்கவும் கை போகாது. ஆனால் கொடுத்தவருக்குத் தன் புத்தகம் இன்னொருவர் அலமாரியில் அலங்காரமாக இருப்பதைவிட, எங்கோ ஒருவர் படிப்பதுதான் சந்தோஷம். முதல் 30 பக்கத்தை உண்மையாகவே படித்து, அதில் பிடித்த ஒன்றை அவரிடம் போனில் சொல்லிவிட்டால் அந்தக் கடன் தீர்ந்தது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் கையெழுத்துப் பிரதியை அதன் ஆசிரியரே பார்க்க நேரும் அபாயம் மட்டும் இருக்கிறது. அதனால் இவற்றை நூலகத்துக்குக் கொடுப்பதே பாதுகாப்பு!

மிச்சம் இருப்பவைதான் நிஜமாகவே படிக்க நினைத்தவை. இங்கேயும் முப்பது பக்கக் கணக்கு உதவும். முப்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் அந்தப் புத்தகத்தின் மீது குற்றமில்லை, வாசகர் மீதும் குற்றமில்லை. வேறு ஒருவருக்கான புத்தகம் வழி தவறி இங்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதைத்தான் சொல்கிறது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது அவருடைய ஐந்தாவது விதி. வீட்டுக்கு இந்த ஐந்தாவதை மட்டும் பின்பற்றினால் ஆபத்து. மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாசகர் எங்கே இருப்பார்? ஊர்ப்புறக் கிளை நூலகம், பள்ளி நூலகம், கல்லூரி விடுதி, முதியோர் இல்லம் எல்லாம் சாத்தியமான இடங்கள். சிறை நூலகங்களுக்காக 2023-இல் சிறைத்துறையே சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அரங்கு வைத்துப் புத்தகம் சேகரித்தது. எங்கே கொடுப்பதானாலும் முன்கூட்டிப் பேசி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்வது மரியாதை. அட்டை கிழிந்ததும் செல்லரித்ததும் நன்கொடை ஆகாது. நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுவதாகத்தான் ஆகும்.

வைத்துக்கொள்வதென்று முடிவானவற்றுக்குப் பரண் மட்டும் கூடாது. மேலே சூடு, கண்ணில் படாத இருட்டு. கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ராமபாணம் பைண்டிங் பசையில் உள்ள மாவுச்சத்துக்காகவே வரும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைக்க வேண்டும், குறிப்பாகக் குளியலறைச் சுவரை ஒட்டி வைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஏறும் ஈரம் முதலில் அடித்தட்டுப் புத்தகத்தைத்தான் பிடிக்கும். கண்ணாடிக் கதவு போட்டிருந்தால் வெயில் அடிக்கும் நாட்களில் திறந்து காற்றாட விடலாம். துணியில் முடிந்த வசம்பும், நன்றாகக் காயவைத்த வேப்பிலையும் நம் வீடுகளில் வழிவழியாக வைப்பதுதான். ஈர வேப்பிலையை வைத்தால் பூஞ்சைக்கு நாமே விருந்து வைத்ததாகும்.

இனி வாங்குவது. புத்தகம் வாங்குவதையே நிறுத்திவிட வேண்டும் என்று கோபத்தில் சபதம் எடுப்பவர்கள் அடுத்த ஜனவரியில் இரண்டு மடங்காக வாங்குகிறார்கள். அதைவிட, படிக்காத புத்தகத்துக்கு இரண்டு தட்டு, அதாவது எண்பது புத்தகம் என்று இடத்தை வரையறுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தட்டு நிரம்பினால் புதிது வர ஒன்று வெளியே போக வேண்டும். எதை அனுப்புவது என்று யோசிக்கும்போதே, கையில் இருக்கும் புதிய புத்தகம் உண்மையில் வேண்டுமா என்பது தெரிந்துவிடும். கண்காட்சிக்குக் கிளம்பும் முன் அந்தத் தட்டை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் ஒரே நாவலை மூன்றாம் முறை வாங்கும் கூத்து நடக்காது. போனைச் சொல்லும்போது இன்னொன்று: வாட்ஸ்அப் குழுக்களில் வரும் பி.டி.எஃப். புத்தகங்களும் படிக்காத குவியல்தான். அவற்றில் பல, எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் ஒரு பைசா போகாத திருட்டுப் பிரதிகள். இடத்தை அடைக்கவில்லை என்பதற்காக அவை நியாயமாகிவிடாது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். புத்தகம் சேர்த்தவர் காலத்துக்குப் பின் அவை என்ன ஆகும்? கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டுப் பிரசுரங்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது சிதறாமல் சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அப்படி ஓர் அதிர்ஷ்டம் எல்லாச் சேகரிப்புக்கும் வாய்ப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், பழைய பேப்பர் கடைத் தராசில் கிலோ கணக்கில் போன அலமாரிகள் எத்தனையோ. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எது அரிய பதிப்பு, எது இரவல் வாங்கித் திருப்பித் தராதது, எது யாருக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே!

ஒரு நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும். இந்தத் தட்டில் உள்ளவை ஊர் நூலகத்துக்கு, இந்தப் பழைய பதிப்புகளை விற்கும் முன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும், இந்த ஐந்தும் இன்னாரிடம் இரவல் வாங்கியவை, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். எழுதிய தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கலாம். இரவல் வாங்கிய அந்த ஐந்தை மட்டும் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். தட்டில் பத்து சென்டிமீட்டர் இடமும் கிடைக்கும்.