லினக்ஸ் கழகமும் அக்காவின் மடிக்கணினியும்

லினக்ஸ் கழகம்னாலே நம்ம கல்லூரியில் பேனர், சிறப்பு விருந்தினர், சான்றிதழ். அப்புறம் அடுத்த வருஷம்தான் சந்திப்பு.

எனக்கு இதில் உடன்பாடில்லை மக்களே. 2011-ல் தமிழக அரசு தர ஆரம்பித்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்காவுக்கும் ஒண்ணு கிடைச்சது. மேட்டூரில் எங்க வீட்டில் யாருமே அந்த லினக்ஸைத் திறந்து பார்க்கலை. வீடு வரைக்கும் லினக்ஸ் வந்துடுச்சு. சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வரலை.

சென்னை லினக்ஸ் பயனர் குழு வருஷக்கணக்கா மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் கூடியது. அந்த ஒழுங்குதான் நமக்கு வேணும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு முடிஞ்சதால் ஓரங்கட்டின கணினிகள் நம்ம ஊர்ப் பள்ளிகளிலும் இருக்கும். மாசம் ஒரு சனிக்கிழமை போய் லினக்ஸ் போட்டுத் தருவோம். அடுத்த மாசமும் போய், "பிரிண்டர் ஓடுதா?"ன்னு கேட்போம். நிறுவுறது ஒரு மணி நேர வேலை. திரும்பிப் போறதுதான் கஷ்டம்.

யாரெல்லாம் வர்றீங்க?