மார்க்கெட் போன இடத்துல கார் நிக்குது

மதுரை மாறிப்போச்சேன்னு பட்டணத்துல இருக்கிறவங்க வருத்தப்பட்டு எழுதுறதப் படிக்கிறேன். தங்கம் தியேட்டர் போச்சு, புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டு அடையாளமே தெரியலன்னு. எனக்கும் அதெல்லாம் வருத்தந்தான். ஆனா ஒரு விவசாயி பாக்குற கணக்கு வேற. அதைச் சொல்றேன்.

ஊர் மாறக்கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல நான். இன்னைக்கு நாம நடக்குற வெளிவீதியே ஒரு காலத்துல கோட்டைச் சுவர் இருந்த பக்கம். கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடிச்சு, அகழியை மூடி, ஊரைப் பெருசாக்கினார். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இருக்கே, அந்த வேலையப் பார்த்தவங்க பேருதான் அது. பிளாக்பர்ன் நினைவா வச்ச விளக்குத்தூண் இன்னமும் நிக்குது. அன்னைக்கு இடிச்ச இடத்துல சனங்க குடியேறுனாங்க, கடை போட்டாங்க. அது ஊருக்கு நல்லதாத்தான் முடிஞ்சது.

எங்களுக்குப் பெரிய மாற்றம்னா சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனதுதான். அதுக்கு நியாயம் இருந்துச்சு. கோயிலச் சுத்தி இருக்கிற சந்துல லாரி நுழைஞ்சா மனுசன் நடக்க முடியாது. மாட்டுத்தாவணியில லாரி நிக்க இடம் இருக்கு. வெளியூர்ச் சரக்கை மொத்தமா வாங்கி விக்கிறவுகளுக்கு அது சௌகரியந்தான்.

ஆனா ரெண்டு மூட்டை கத்திரிக்காயோட வர்ற ஆளுக்கு? முன்னாடி வடக்காவணி மூல வீதிப் பக்கம் காயப் போட்டுட்டு, கையில காசோட அப்படியே நடப்போம். கீழமாசி வீதியில பலசரக்கு, எழுகடல் தெருவுல பிள்ளைகளுக்கு வளையல், விளக்குத்தூண்ல ஜவுளி. தையக்கூலியும் புதுமண்டபத்துலயே குடுத்துருவோம். காய் வித்த காசுல பாதி அந்த வீதிகள்லயே செலவாயிரும். இப்போ காய வித்ததும் மாட்டுத்தாவணியிலயே பஸ் ஏறி ஊருக்கு வந்துர்றோம். விளக்குத்தூண்ல ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி போன தீபாவளிக்கு என்கிட்ட, "கிராமத்துச் சனம் வரத்து குறைஞ்சுபோச்சுண்ணே"ன்னார். எப்படி வரும்? வர்றதுக்கு இருந்த சோலியத்தான் 5, 6 கிலோமீட்டர் தள்ளி வச்சாச்சே.

பழைய மார்க்கெட் இருந்த எடத்துல இப்போ அடுக்குமாடி வாகனக் காப்பகம். கோயிலுக்கு வர்றவங்க காரை எங்கயாச்சும் நிறுத்தித்தான் ஆகணும், வேணாம்னு சொல்லல. ஆனா காருக்கு அத்தனை மாடி ஒதுக்குன ஊர்ல, காய் கொண்டு வர்றவனுக்கு ஒரு மூலை ஒதுக்க முடியாதா?

இத்தனைக்கும் தமிழ்நாட்டுல முதல் உழவர் சந்தை ஆரம்பிச்சதே மதுரை அண்ணா நகர்லதான், 1999 நவம்பர் 14-ல. வாடகை இல்ல, தரகு இல்ல, அடையாள அட்டை இருந்தா தராசு குடுப்பாங்க. மொத்த விலையவிட எங்களுக்குக் கூட, கடை விலையவிட உங்களுக்குக் குறைச்சல். இப்படி ஒரு நல்ல வழியக் காட்டுன ஊர் நடுவுல, மாசி வீதிகளுக்குள்ள, அது மாதிரி ஒண்ணு ஏன் இருக்கக்கூடாது?

நான் கேக்குறது பெருசில்ல. காலைல நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் காப்பகத்துப் பக்கத்துல ஒரு ஓரம். அட்டை உள்ள விவசாயிக்கு மட்டும், லாரிக்கு அனுமதி கிடையாது. குப்பை சேரும்னு சொல்வாங்க. எட்டரைக்குள்ள கூட்டிக் குடுத்துட்டுப் போறவனுக்குத்தான் மறுநாள் எடம்னு சொல்லட்டும். காய்த் தண்டையும் இலையையும் நாங்களே மாட்டுக்கு அள்ளிட்டுப் போயிருவோம். வாங்க ஆள் இருக்குமான்னு கேட்டா, சுத்தி இருக்கிற மெஸ்ஸு, லாட்ஜு, இன்னமும் சந்துக்குள்ள குடியிருக்கிற சனம் போதும்.

ஊர் நடுவுல யார் யாருக்கு எடம்னு முடிவு பண்ணும்போது எங்களக் கூப்பிட்டுக் கேக்குறதில்ல. நகரத்துல இருக்கிற நீங்க கவுன்சிலரைப் பார்க்கிறீங்க, மனு எழுதத் தெரியும், கூட்டத்துல பேசவும் செய்றீங்க. பழைய மதுரைக்காக அடுத்த தடவ எழுதும்போது, தியேட்டரோட சேத்து இதையும் ஒரு வரி எழுதுங்க.