நாலு மணிக்குப் பூட்டும் கேம்பஸ்: சேவூர் மாணவருக்கு ஒரு கல்லூரி என்ன தர வேண்டும்?

'காலேஜ் லைஃப்'னு ரீல்ஸில் தேடிப் பாருங்கள். கல்ச்சுரல்ஸ், கேன்டீன் அரட்டை, ஹாஸ்டல் மொட்டை மாடி, ஃபேர்வெல் புடவை எல்லாம் வரிசையாக வரும். சேவூரில் பஸ் ஏறி அவிநாசிக்கோ திருப்பூருக்கோ படிக்கப் போகிற ஒரு மாணவருக்கு இதில் பாதிகூட கிடையாது. காலையில் ஒரு பஸ், நாலைந்து பீரியட், திரும்பி வர ஒரு பஸ். அவ்வளவுதான் அவரோட கேம்பஸ்.

இது சோம்பேறித்தனம் இல்லை. பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

சனிக்கிழமை சம்பளத்தோடு போட்டி

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்றும் நிலக்கடலை ஏலம் நடக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் மாதச் செலவை ஓட்டுவதில் பனியன் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமை. ப்ளஸ் டூ முடித்த பையன் செக்கிங்கிலோ கைமடியிலோ சேர்ந்தால் முதல் வாரமே கையில் காசு. ஓவர்லாக், பேட்லாக் பழகிவிட்டால் பீஸ் ரேட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட்.

எதிர்ப்பக்கம் கல்லூரி. பலன் தெரிய மூணு வருஷம் ஆகும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால், அந்தப் பலன் எப்படி இருக்கும்னு சொல்லக்கூட ஆள் இல்லை.

அரசு இதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. வேலைக்கான திறன் பயிற்சிக்கு 2022 மார்ச்சிலிருந்து நான் முதல்வன் இருக்கிறது.

2021-22க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் தமிழ்நாட்டின் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்கிற கணக்கு. சேர்ந்தவர் மூணு வருஷமும் தாக்குப்பிடித்தாரா என்பது வேற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கேம்பஸுக்குள்ளேதான் இருக்கிறது.

வசதி இருக்கு, நேரம்தான் ஒத்துவரல

சேவூர் மாணவருக்கு எட்டும் தூரத்தில் கல்லூரிகள் இல்லாமல் இல்லை. அவிநாசியில் அரசு கலை அறிவியல் கல்லூரி. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. எல்லாமே 1982-ல் உருவான கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஆடைத் துறையையே படிக்கணும் என்றால், ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது.

ஒரு கல்லூரியில் மாணவருக்கு என்னவெல்லாம் இருக்கணும்னு விதிகளும் இருக்கின்றன. ராகிங் தடுப்புக் குழு, பாலியல் புகார்களுக்கு உள்விசாரணைக் குழு இரண்டும் கட்டாயம். யுஜிசியின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க் குழுவும் கட்டாயம். புகார் கொடுத்த 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? மீடியா படித்த எனக்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் படித்த கல்லூரியில் நல்ல நூலகம் இருந்தது. க்ளாஸ் நடக்கும்போது திறந்திருக்கும். க்ளாஸ் முடிந்து போனால் பூட்டியிருக்கும். ஸ்காலர்ஷிப் செக்‌ஷனும் அப்படித்தான். இங்கேதான் என் வாதம்: சின்னக் கல்லூரிகளில் வசதி இல்லாததைவிட, இருக்கிற வசதி மாணவரோட கடிகாரத்துக்கு ஒத்துவராததுதான் பெரிய சிக்கல். புதுக் கட்டடம் கட்டாமலே இதைச் சரிசெய்யலாம்.

மூணு மாற்றம் போதும்

ஒன்று, நூலகத்தை இரவு ஏழு மணி வரை திறந்து வையுங்கள். யார் பார்த்துக்கொள்வது? மாணவர்களே. மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுங்கள். அமெரிக்காவில் 1964 முதல் இதற்கு அரசே நிதி தருகிறது. படிக்கிற மாணவர் நூலகத்திலும் அலுவலகத்திலும் பகுதிநேர வேலை செய்கிறார். இங்கே செய்தால் ஒரே செலவில் இரண்டு பலன்: நூலகமும் திறந்திருக்கும், கம்பெனிக்கு ஓடவேண்டிய ஒரு மாணவருக்கு கேம்பஸிலேயே வருமானமும் கிடைக்கும்.

இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மேஜை. உதவித்தொகை, பஸ் பாஸ், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, குறைதீர்க் குழுவுக்குப் புகார் என ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை ஏறி இறங்கினால் ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் என்றால் இந்த ஊரில் ஒரு ஷிப்ட். 1,000 ரூபாய் வரவில்லை என்று விசாரிக்க ஒரு ஷிப்டை இழக்க வைப்பது நியாயமா?

மூன்று, மாணவர் வேலைக்குப் போவதைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள்: யார் வேலைக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு? பல அரசுக் கல்லூரிகளுக்கு காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று வகுப்பு நடத்திய பழக்கம் உண்டு. அட்டெண்டன்ஸ் குறைந்த பிறகு அபராதம் கட்டச் சொல்வதைவிட, முன்கூட்டியே ஷிப்டை மாற்றிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

"இப்படி வசதி பண்ணிக் கொடுத்தா படிப்பை விட்டுட்டு வேலையிலயே நின்னுடுவாங்க"ன்னு ஆசிரியர்கள் பயப்படலாம். பயம் நியாயமானதுதான், அதனால் மணி நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம். ஆனால் வேலையை மறைத்துச் செய்கிற மாணவரை எந்த ஆசிரியராலும் காப்பாற்ற முடியாது. அவர் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்.

அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. அந்த வருஷம் ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் பல ஆர்டர்கள் நின்றன. ஆர்டர் நின்றால் முதலில் குறைவது ஓவர்டைம், அப்புறம் ஷிப்ட். கையில் டிகிரி இருப்பவருக்கு மெர்ச்சண்டைசிங், டாக்குமெண்டேஷன், வேற ஊர், வேற துறை என்று ஏதாவது ஒரு கதவு இருக்கும். பாதியில் விட்டவருக்கு அடுத்த ஆர்டர் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த மூணு வருஷத்தைத் தாண்டி இப்போ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் பழைய கல்லூரியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: நம்ம லைப்ரரி இப்போ எத்தனை மணி வரை திறந்திருக்கு?