மார்த்தாளுக்கும் ஓர் இருக்கை

சென்ற மாதம் ஒரு வார இறுதியில், குமாவூன் மலையில் நடைபெற்ற கிறிஸ்தவத் தியான முகாம் ஒன்றில் கலந்துகொண்டேன். வெள்ளி இரவு பழைய தில்லியில் ரயிலேறி, விடியலில் காத்கோதாமில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் பீம்தால் பக்கம் ஏறிச் சென்றோம். ஆய்வு மாணவர், செவிலியர், ஆசிரியர், மென்பொருள் துறையினர் என ஏறத்தாழ நாற்பது பேர். திரும்பியபின் நண்பர்கள் பலர், "எப்படி இருந்தது?" என்று கேட்டனர். ஒரு வரியில் விடை சொல்ல இயலாததால் இப்பதிவை எழுதுகிறேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வின் ஐந்தாம் ஆண்டில், விடுதி அறைக்கும் நூலகத்துக்கும் இடையே தேய்ந்துகொண்டிருப்பவனுக்கு அந்த இரண்டு நாள்கள் பெரும் ஆறுதல். ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் மௌனமாக அமரச் சொன்னார்கள். பிறகு, அவரவர் தாய்மொழியிலேயே மன்றாடலாம் என்றார்கள். நெடுநாளுக்குப் பின் தமிழில் வாய்விட்டு மன்றாடினேன், குரல் உடைந்தது. அருகிலிருந்த மிசோரம் நண்பருக்கு ஒரு சொல்லும் புரிந்திராது. ஆயினும் என் தோளில் கை வைத்தார். ஐக்கியம் என்று நாம் சொல்வதன் பொருள் அக்கணத்தில் விளங்கிற்று. எனவே இது தியான முகாம்களுக்கு எதிரான எழுத்தன்று.

இத்தகைய முகாமைக் கத்தோலிக்கர் 'ஞான ஒடுக்கம்' என்பர். அழகான சொல். வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தில் 'ஒடுக்கம்' என்ற சொல்லை ஆள்கிறார். ஊக்கமுடையவன் காலம் பார்த்து அடங்கியிருப்பதற்கு, சண்டைக்கடா தாக்குவதற்குமுன் பின்வாங்குவதை உவமை காட்டுகிறார். பின்வாங்கல் அங்கே முடிவன்று; முன்னேறுவதற்கான ஆயத்தம்.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரமும் இதையே காட்டுகிறது. உண்பதற்கும் நேரமின்றிக் களைத்திருந்த சீடர்களை இயேசு வனாந்தரமான இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். ஆனால் மக்கள் கால்நடையாய் ஓடி, அவர்களுக்கு முன்னரே அங்கு வந்து சேர்கிறார்கள். மாலையில், இவர்களை அனுப்பிவிடலாம் என்கின்றனர் சீடர்கள். நீங்களே உணவு கொடுங்கள் என்கிறார் இயேசு. ஓய்வெடுக்க வந்தவர்களே ஐயாயிரம் பேருக்குப் பந்தி பரிமாற நேர்ந்தது.

எங்கள் முகாமில் நடந்தது வேறு. சனிக்கிழமை மாலைச் செய்தி, லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தாள், மரியாள் ஆகியோரைப் பற்றியது. மரியாளைப் போல ஆண்டவரின் பாதத்தருகே அமருங்கள், மார்த்தாளைப் போலக் கவலைப்பட்டு அலையாதீர்கள் என்றார் செய்தியாளர். எல்லாரும் தலையசைத்தோம். சுவருக்கு அப்பால் இரண்டு பெண்கள் நாற்பது பேருக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். உணவு முடிந்ததும், நாமெல்லாரும் ஒரே குடும்பம் என்று கைகோத்துப் பாடினோம். தட்டுகளைக் குழாயடியில் அடுக்கிவிட்டு அறைகளுக்குச் சென்றோம். ஒரு செவிலியர் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குளிர்ந்த நீரில் கைவைத்து, அப்பெண்களோடு பாத்திரம் துலக்க அமர்ந்தார். சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் இறங்கிப் போகவில்லை.

இதை நான் சொல்லியே ஆகவேண்டும். என் அம்மா தென்தமிழ்நாட்டில் ஒரு தியான இல்லத்தின் சமையற்கட்டில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தவர். விருந்தினர் உண்டபின் மிஞ்சியதை உண்டு வளர்ந்தவன் நான். எத்தனையோ முகாம்களுக்குச் சமைத்த அம்மா, ஒன்றிலேனும் உட்கார்ந்ததில்லை. "பாட்டெல்லாம் எனக்கு அடுப்படியிலேயே மனப்பாடம்" என்பார். அவருடைய மகனும் அன்றிரவு தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டான். நான்கு பேர் மதிக்கும் இடத்துக்கு வந்தபின் பழையதை மறப்பது எவ்வளவு எளிது!

நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு அருகில்தான் சாத்தால் இருக்கிறது. 1907இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், 1930இல் அங்கே ஒரு கிறிஸ்தவ ஆசிரமத்தைத் தொடங்கினார். பட்டங்களுக்கு அங்கே இடமில்லை. அவரும் 'சகோதரர் ஸ்டான்லி' மட்டுமே. முதற்கூட்டத்தில் ஒவ்வொருவரும், தாம் ஏன் வந்தோம், தமக்கு உண்மையில் தேவையானது எது என்று மனந்திறந்து பேசுவர். உடலுழைப்புக்கென்று நேரம் உண்டு. துப்புரவுத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒருநாள் விடுப்பளித்து, அவருடைய வேலையை ஆசிரமத்தாரே ஏற்றுச் செய்தனர். தீட்டென்று சாதி ஒதுக்கிவைத்த வேலையை ஆன்மிகப் பயிற்சியின் பகுதியாக்கியது அந்த ஏற்பாடு. அதற்கும் முன்பே, 1921இல், நம் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். ஆள்பவரின் இனம், ஆளப்படுபவரின் இனம் என்ற வேறுபாடின்றி, கதருடுத்தி ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர்.

களைத்து வருபவர்களுக்கு ஓய்வு வேண்டாமா, பணியாளர்களுக்குத்தான் கூலி கொடுக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். ஓய்வு வேண்டும்தான். கூலியையும் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. எவருடைய பிழைப்பையும் பறித்து நாம் புண்ணியம் தேட வேண்டியதில்லை. ஆனால் கூலி ஒருவரின் உழைப்புக்கு ஈடாகலாமே தவிர, அவரை வட்டத்துக்கு வெளியே நிறுத்துவதற்கு உரிமை ஆகாது. மார்த்தாளின் முறையீட்டை மீண்டும் வாசியுங்கள்: வேலை செய்ய என்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்பதன்றோ அது? எல்லாரும் எழுந்து கைகொடுத்திருந்தால் மார்த்தாளும் அரைமணி நேரத்தில் வந்து அமர்ந்திருப்பாள்.

ஆகவே, முகாம் நடத்துவோரிடம் என் வேண்டுகோள் எளியது. அறிமுகத்தின்போது சமையல் செய்பவரின் பெயரையும் சொல்லுங்கள். டாக்டர், பேராசிரியர் என்ற அடைமொழிகளை இரண்டு நாள்களுக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். உண்ட தட்டை உண்டவரே கழுவட்டும். கடைசி ஆராதனை நேரத்தில், முழுக் கூலியோடு பணியாளர்களுக்கு ஓய்வு கொடுங்கள், வர விரும்புவோருக்கு வட்டத்தில் இருக்கை போடுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அந்த ஒருவேளைச் சமையலை நாற்பது பேரால் செய்ய முடியாதா என்ன? ரொட்டி கருகினால் கருகட்டும்.

அடுத்த முகாம் அக்டோபரில். இவற்றையே கடிதமாக ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பாத்திரம் துலக்கும் அணியில் என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். சேர விரும்புவோர் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்திருக்கிறேன். மலைக்குளிரைப் பற்றியோ, தில்லி வரையிலான இரண்டு நாள் பயணத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அங்க சமைக்கப் போறது யாரு?" என்றுதான் கேட்டார்.