உண்டியல் குலுக்கி ஒரு சினிமா

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனை 'ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை' என்பார்கள். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுஷன். முதலில் நாவல்தான் எழுதினார். தன் ஊரில் அதைப் படிக்க ஆள் கம்மி என்று புரிந்ததும், நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ போய் சினிமா கற்றார். பிறகு படச்சுருளைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்.

நம்ம பக்கத்தில் அப்படி யார்? ஜான் ஆபிரகாம். (இந்தி நடிகர் இல்லைங்க!) எல்.ஐ.சி. வேலையை விட்டு புனே போய், ரித்விக் கட்டக்கிடம் படித்த மலையாளி. அவருடைய ஒரே தமிழ்ப்படம் 'அக்ரஹாரத்தில் கழுதை', 1977. பென்னலூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடலாம், அந்தக் குன்றத்தூரில்தான் எடுத்தார்கள். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். ஒரு கழுதைக்குட்டியை வளர்க்கிறார், ஊர் அதை அடித்துக் கொல்கிறது, பிறகு அதையே கும்பிடுகிறது. தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்... விடுங்கள்.

ஜானைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் குடியையும் தாடியையும்தான் எழுதுகிறார்கள். எழுத வேண்டியது அவருடைய வரவு செலவு. 1984-ல் நண்பர்களோடு 'ஒடேசா' என்று ஒரு குழு. சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் காசு வசூலித்து, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். வட்டிக்குப் பணம் கொடுக்கும் பைனான்சியர் கதையில் கை வைப்பார். பத்து ரூபாய் போட்டவன் கிளைமாக்ஸை மாற்றச் சொல்ல மாட்டான். இது முதலீட்டுப் பாடம்தானே?

ஓட்டையும் உண்டு. 1987-ல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்தார். அதற்குப் பிறகு இன்னொரு 'அம்ம அறியான்' வரவில்லை. ஒரு ஆளை நம்பி நின்ற அமைப்பு அப்படித்தான் ஆகும்.

செம்பேனின் 'போரோம் சாரெத்' (1963) ஒரு வண்டிக்காரனின் ஒரு நாள், சுமார் 20 நிமிஷம். ஒரகடம் ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகும் பையனுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. அவனைப் பற்றி யார் எடுத்தார்கள்? கேமராவுக்கு இன்று பெரிய காசு வேண்டாம், செல்போன் போதும். கஷ்டம் வேறு. மூன்று ஷிப்டில் மாறி மாறி உழைப்பவர்களை ஒரே நேரத்தில் திரை முன்னால் உட்கார வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் சரிப்படும், அதுவும் ஓவர்டைம் இல்லாத வாரமாகப் பார்த்து.