பட்டியலில் பெயர் இல்லாத நார்

கூரை போட ஷீட் வாங்கப் போகிறவர் கடையில் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றுதான் கேட்பார். அது ஏதோ ஒரு கனிமத்தின் பெயர் என்று பலரும் எண்ணியிருக்கிறோம். கனிமவியலில் அப்படித் தனியாக ஒரு கனிமம் கிடையாது. பஞ்சு போலப் பிரிந்து, நூலாகத் திரிக்க வந்து, தீயிலும் வேகாத கல்நார்களுக்கெல்லாம் சந்தை வைத்த பொதுப்பெயர் அது. பல நாடுகளின் விதிகள் இந்தப் பெயருக்குள் ஆறு வகைகளை அடக்குகின்றன: கிரைசோடைல், குரோசிடோலைட், அமோசைட், டிரெமோலைட், ஆக்டினோலைட், ஆந்தோபிலைட். இவற்றில் அமோசைட் என்பது கனிமப் பெயர்கூட அல்ல. ‘தென்னாப்பிரிக்க ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த வணிகப் பெயர். அறிவியல் அதை குருனரைட் என்கிறது. ஆக, எது விலைபோனதோ அதுவே பெரும்பாலும் சட்டத்தின் பட்டியலிலும் ஏறியிருக்கிறது. மூச்சுக்குள் போனால் எது கொல்லும் என்று பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல இது. அப்படிப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள லிபி என்ற சிற்றூரைப் பாருங்கள். அங்கே வெட்டியெடுத்தது வெர்மிகுலைட். சூடாக்கினால் பொரிந்து உப்பும் கனிமம். குளிர் தாங்குவதற்காக அதை மூட்டை மூட்டையாக வீடுகளின் பரண்களில் கொட்டினார்கள். அதோடு கலந்து வந்த நார், சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை மட்டுமல்ல, அவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்த குடும்பத்தாரின் நுரையீரலையும் பழுதாக்கியது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது. 2009இல் அந்த ஊருக்குப் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டிவந்தது. அந்த நாரைப் பகுத்துப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி விஞ்சைட், அடுத்து ரிக்டரைட். இரண்டுமே ஆறின் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள டிரெமோலைட் கொஞ்சமே இருந்தது. சுரங்கத்தை நடத்திய நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு வந்தபோது, பட்டியலில் பெயர் இல்லாதது சட்டப்படி ஆஸ்பெஸ்டாஸே அல்ல என்ற வாதமும் நீதிமன்றம் ஏறியது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. நோயாளிகள் கண்முன்னே இருக்க, நாரின் பெயருக்காக ஒரு சட்டப் போர்! துருக்கியின் கப்படோக்கியாவில் கதை இன்னும் வெளிப்படை. அங்கே சில கிராமங்களில் மீசோதீலியோமா என்ற அரிதான புற்றுநோய் குடும்பம் குடும்பமாகத் தாக்கியது. காரணம் எரியோனைட் என்ற நார்க்கனிமம். அது சியோலைட் இனத்தைச் சேர்ந்தது. ஆஸ்பெஸ்டாஸுக்கு எந்த வகையிலும் உறவில்லை.

பட்டியலைத் தளர்த்தினால் கல்குவாரி எல்லாமே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இது ஒதுக்கக்கூடிய ஆட்சேபம் அல்ல. டிரெமோலைட் கட்டையான படிகமாகப் பல பாறைகளில் கிடக்கிறது. அதை எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அது அபத்தம். ஆனால் இந்த ஆட்சேபம் என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. ஒரே வேதியியல், ஒரே பெயர். கட்டையாக இருந்தால் ஒன்று, நாராக இருந்தால் வேறொன்று. அப்படியானால் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, வடிவத்தையும் உடலுக்குள் கரையாமல் தங்கும் தன்மையையும்தான். 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குள் அகலம், அகலத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நீளம் என்று காற்றில் மிதக்கும் நாரை நுண்ணோக்கியில் எண்ணுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. உடைந்த படிகச் சில்லும் சில நேரம் இந்தக் கணக்கில் விழுந்துவிடும் என்பது உண்மை. அது அளவுகோலைக் கூர்மையாக்கக் காரணமாகலாம். பழைய பெயர்ப் பட்டியலைக் கட்டிக்கொண்டிருக்கக் காரணமாகாது.

நமக்கு நெருக்கமான சிக்கல் இதற்கு நேர் எதிரானது. பட்டியலில் இருந்தும் தப்பிக்கும் பெயர் கிரைசோடைல், அதாவது ‘வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்’. நுரையீரலிலிருந்து இது விரைவில் வெளியேறிவிடும், மற்ற ஐந்தைப் போலக் கொடியது அல்ல என்பது தொழில் தரப்பின் வாதம். மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெளியேறுகிறது என்பது சரிதான். ஆனால் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறையும் ஒரே தட்டில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கிரைசோடைலைத் தோண்டி விற்றே வளர்ந்த கனடா 2018இல் தடை கொண்டுவந்தது. அமெரிக்கா 2024இல் தடை விதித்தது. இந்தியாவோ 1986 முதல் புதிய சுரங்கக் குத்தகை தருவதை நிறுத்திவிட்டு, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்கிக்கொள்கிறது. அபாயகரமான ரசாயனங்களின் வணிகத்துக்கான ரோட்டர்டாம் உடன்படிக்கையில் மற்ற ஐந்தும் பட்டியலில் உண்டு, கிரைசோடைல் இல்லை. அதைச் சேர்க்க விடாமல் 2013, 2015 கூட்டங்களில் எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அங்கே சேர்ப்பது தடை விதிப்பது ஆகாது. சரக்கு வருமுன் அதன் தீங்கைத் தெரிவித்து, வாங்கும் நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே. இறக்குமதி செய்யும் நாடு, தன்னிடம் கேட்டுவிட்டு அனுப்பு என்று சொல்லும் உரிமையையே வேண்டாம் என்பது விந்தை. அடுத்த கூட்டத்திலாவது மத்திய அரசு கிரைசோடைலைப் பட்டியலில் சேர்க்க ஆதரவு தர வேண்டும்.