மின்கலம் நலமே, இருதயம் நலமா?

இதயமுடுக்கி எனும் பேஸ்மேக்கரைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1958 இல் சுவீடனிலே ஆர்னே லார்சன் என்பாரின் உடலினுள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட அக்கருவி, பின்னர் எண்ணற்றோரின் உயிரைக் காத்தது. லார்சனும் 2001 வரை வாழ்ந்தார். இதனை மறுப்பார் யாருமிலர்.

ஆயினும், காத்த கருவியே சிலருக்குக் கேடு விளைப்பதை மறைக்கலாகாது. வழமையான முறையில் மின்கம்பியின் நுனி வலக் கீழறையில் ஊன்றப்படுகிறது. அங்கே பிறக்கும் தூண்டல், தசைவழியே ஊர்ந்து, இடக் கீழறையைப் பிந்தியே சேர்கிறது. ஒருங்கே சுருங்க வேண்டிய சுவர்கள் முன்னும் பின்னுமாய்ச் சுருங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலரது இருதயத் தசை தளர்ந்து விரிகிறது. பெரும்பொழுதும் கருவியின் தூண்டலாலேயே துடிக்கும் இருதயத்துக்கு இவ்வபாயம் மிகுதி. தேவையற்ற வலக் கீழறைத் தூண்டலின் தீங்கை 2002 இல் வெளியான டேவிட் ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இத்தனையும் அறிந்த பின்னரும், மின்கலத்தை மட்டும் சோதித்து, "கருவி நலம், போய்வருக" என்பது எவ்வகை நீதி? நோயாளர் கருவியைப் பழுதுபார்க்கவா வந்தார்? மூச்சிளைப்பையும் கால்வீக்கத்தையும் முதுமையின் தலையிற் சுமத்திவிடலாமோ?

சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளர் அறியச் செய்வது வைத்தியரின் கடமையென, 2015 இல் மொன்ற்கொமரி வழக்கிலே பிரித்தானிய அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிதல் சலுகையன்று, உரிமை.

ஆகவே கேட்கின்றோம்: பொருத்துமுன் இவ்வபாயத்தைச் சொல்லுங்கள். பொருத்தியபின் எக்கோ பரிசோதனையால் இருதயத்தின் வலுவையும் அளந்து வாருங்கள். தளர்ச்சி கண்டால், இருதயத்தின் இயற்கை மின்பாதையைத் தூண்டும் முறையையோ, இரு கீழறைகளையும் ஒருங்கியக்கும் முறையையோ ஆராயுங்கள். கருவிக்குக் காட்டும் கரிசனையை, அதனைச் சுமக்கும் மனிதனுக்கும் காட்டுங்கள்!